காசு குடுத்து வாங்கின சருகு

உதென்ன பிள்ளை, உந்தப் பெட்டி முழுக்கத் துணியோ? கொம்மா எனக்குச் சொக்லேற்றும் கோடாலித் தைலமும் குடுத்துவிட்டிருப்பாளெண்டு நேற்றுத் துவக்கம் வழி பாத்துக்கொண்டிருக்கிறன். சரி, போகட்டும். விரி பாப்பம். விறாந்தையிலயே விரி. இஞ்ச வெளிச்சமும் இருக்கு, றோட்டால போற சனத்துக்கும் ஒரு பிராக்கு.

இதென்ன, மஞ்சளும் காவியுமா இலை இலையா? "ஃபோல் சீசன் தீம், அம்மப்பா" எண்டு நீ இங்கிலீசில சொன்னா எனக்கு விளங்காதெண்டு நினைக்காதை. இலை உதிருற காலத்துத் துணி. அங்க பார் முத்தத்தை. மாவும் பலாவும் வேம்பும் போட்டி போட்டுக் கொட்டுது. அதைக் கூட்டிக் கூட்டித்தான் கொம்மம்மாவின்ர முதுகு வளைஞ்சது. அள்ளி எரிக்க ஆள் பிடிக்கேலாமக் கிடக்கு. நீ ரொறன்ரோவில கடை கடையா ஏறிக் காசு குடுத்துச் சருகு வாங்கி, பிளேனில ஏத்தி, கொழும்பில இறக்கி, இரவு பஸ்ஸில இஞ்ச கொண்டுவந்து சேத்திருக்கிறாய். சருகுக்கு இவ்வளவு மரியாதை இருக்கெண்டு தெரிஞ்சிருந்தா நான் ஒரு நாளும் எரிச்சிருக்க மாட்டன்.

அடுத்ததை எடு. பூசணிக்காய்! அதுவும் கண்ணும் பல்லும் வைச்ச பூசணிக்காய். இது போர்வைக்கோ? பிள்ளை, இஞ்ச பூசணி எண்டா ஒண்டில் கறிக்கு, இல்லாட்டி நாவூறு கழிச்சு உடைக்க. பல்லைக் காட்டுற பூசணிக்காயைப் போர்த்துக்கொண்டு படுத்தா, விடிய எழும்பி உனக்கே நாவூறு கழிக்கோணும். உந்த நீலத்தில வெள்ளைப் புள்ளி? பனித்துகளோ? பூச்சி அரிச்ச துணியை உன்ர தலையில கட்டிப்போட்டாங்களெண்டெல்லோ நான் நினைச்சன்.

கோவிக்காதை. கிழவன் பகிடி விடாட்டி ஆர் விடுறது? நீ குவில்ற் தைக்கப்போறன் எண்டு சொன்ன நாளில இருந்து எனக்கு ஒரு சந்தேகம், அதைக் கேட்டுப்போட்டு விடுறன். நல்ல துணியை முழுசா வாங்கிறது. அதைத் துண்டு துண்டா வெட்டுறது. பேந்து அந்தத் துண்டுகளைப் பொருத்தித் தைச்சுத் திரும்பவும் முழுசாக்கிறது. உதுக்கு மூண்டு மாசம். ஒழுங்கா நிண்ட வீட்டை இடிச்சுப்போட்டு அதே கல்லால திருப்பிக் கட்டுற வேலை. அந்த வேலையில யாழ்ப்பாணத்தாருக்கு நீ படிப்பிக்க ஒண்டுமில்லை கண்டியோ.

துண்டுக்கு வைச்சிருக்கிற பேரைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பை அடக்கேலாமப் போச்சுது. ஃபற் குவாற்றர். கொழுத்த கால்வாசி! கால் யாரைக் குறுக்கால வெட்டினா வாழைநார் மாதிரி நீட்டா வருமாம், ஒண்டுக்கும் உதவாதாம். அரை யாரை வெட்டி அதை நடுவால பிளந்தா 18 அங்குலமும் 22 அங்குலமுமா வருமாம், அதில பூவும் வெட்டலாம் சதுரமும் வெட்டலாமாம். கணக்குச் சரிதான், நான் பிழை சொல்லேல்லை. ஆனா எங்கட தையல்காரர் காலடியில கிடந்த வெட்டுத்துண்டுக்கு இப்பிடி ஒரு பேரும் வைச்சு, றிபனும் கட்டி, விலையும் ஒட்டியிருந்தா, அந்த மனுசன் பிள்ளையளை எல்லாம் லண்டனுக்கு அனுப்பியிருப்பார்.

எங்க எழும்பிப் போறாய்? தேத்தண்ணியோ? சரி, எனக்கும் ஒண்டு. சீனி போடாதையெண்டு டொக்டர் சொன்னவர், அதால கொஞ்சமாப் போடு. உள்ளுக்கு மெசின் கடகடக்குது, கொம்மம்மா தலையணை உறை தைக்கிறா போல. அவவின்ர சீதனத்தில வந்த கால் மெசின். சிங்கர் கொம்பனி 1877இல இலங்கைக்கு வந்ததாம். அண்டைக்குத் துவக்கம் யாழ்ப்பாணத்தில எத்தினை பொம்பிளையளின்ர கால் அந்த மிதிகட்டையில தேஞ்சிருக்கு. தொண்ணூறுகளில வருசக்கணக்கா இஞ்ச கறண்ட் இல்லை. அந்த நேரம் உந்த மெசின் நிக்கேல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச மண்ணெண்ணெய், பழைய வேட்டிக் கிழிசலில திரி, அந்த வெளிச்சத்தில கொம்மாவின்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தைச்சு முடிச்சவ. ஒரு தையல் கோணேல்லை. இப்ப லைற் எரியுது, கண்ணாடியும் போட்டிருக்கிறா, தையல் வளைஞ்சு நெளிஞ்ச றோட்டு மாதிரிப் போகுது. சத்தமாச் சொல்லிப்போடாதை.

வந்திட்டியோ. இரு. பருவத்துக்கு ஏத்த துணி எண்டு கேட்டாய். உங்கட ஊரில நாலு பருவம். எங்களுக்குப் பருவம் வானத்தில இல்லை, தபால்காரன்ர பையில இருக்கு. கலியாணக் கார்ட் வாற பருவம், வராத பருவம். ஆடி, புரட்டாதி, மார்கழியில கார்ட் வராது. மற்ற மாசமெல்லாம் என்ர பென்சன் என்வலப்புக்குள்ள போயிடும்.

தீம் கலர் எண்டு நீங்கள் இப்ப கண்டுபிடிச்சதை எங்கட ஐயர்மார் எப்பவோ அச்சடிச்சுப் போட்டினம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார். சித்திரை வருசத்துக்கு என்ன நிறம் உடுக்கோணும், மருத்துநீர் வைக்கேக்க தலைக்கு என்ன இலை, காலுக்கு என்ன இலை, கைவிசேசம் எத்தினை மணிக்கு, எல்லாம் கிடக்கு. ஒரு ஊருக்கே ஒரே நாளில உடுப்பு நிறம் சொல்லிற தையல் புத்தகம் உங்கட கனடாவில இருக்கே? ஆனா அதிலயும் ஒரு வில்லங்கம். கொக்குவில் இரகுநாதையரின்ர வாக்கிய பஞ்சாங்கம் ஒண்டு, திருக்கணிதம் மற்றது. வருசம் பிறக்கிற நேரத்தில இரண்டும் ஒத்துப்போறேல்லை. நிறத்திலயும் ஒண்டு சிவப்பெண்டா மற்றது நீலமெண்டு நிக்கும். நான் வாக்கியம். கொம்மம்மாவின்ர தாய்வீடு திருக்கணிதம். கலியாணம் செய்த முதல் வருசம் நான் சிவப்புக்கரை வேட்டியோட நிக்க, மாமியார் என்னைப் பாத்த பார்வையில அந்தக் கரையே வெளிறிப்போச்சு.

அதுக்குப் பிறகு நான் ஒரு சுழியம் செய்தன். சிவப்பும் நீலமும் வெள்ளையும் கலந்த கட்டச் சாறம் ஒண்டு பெரியகடையில எடுத்தன். வாக்கியக்காரர் வந்தா சிவப்பைப் பாப்பினம், திருக்கணிதக்காரர் வந்தா நீலத்தைப் பாப்பினம். அந்தச் சாறம் கிழிய, அதே கட்டத்தில இன்னொண்டு. இப்ப இருக்கிறது எத்தினையாவதெண்டு கேக்கிறியோ? நாலோ அஞ்சோ. என்னத்துக்கு உனக்கு உந்தக் கணக்கு? அந்தா, கொடியில காயுது. பின்னேரம் நல்லூருக்குப் போறதால இண்டைக்கு வேட்டி.

நல்லூர் எண்டோடன ஞாபகம் வருது. ஆடி அமாவாசையில இருந்து ஆறாம் நாள் கொடி. 24ஆம் நாள் தேர், 25இல தீர்த்தம். ஆடி முடிய ஆவணி, வெயிலும் சோழகக் காத்தும் சேந்து அடிக்கிற நேரம். உன்ர மாமன் ஒவ்வொரு வருசமும் லண்டனில இருந்து "நல்லூருக்குப் போடுங்கோ" எண்டு எனக்குச் சேட் துணி கொண்டு வருவான். விசரன். நல்லூருக்குள்ள ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தான் போகலாம். அவன் பத்து வருசமாக் கொண்டுவந்த துணி அலுமாரியில மடிச்சபடி கிடக்கு. பருவம் அறிஞ்சு துணி எடுக்கிறதெண்டா முதல் அந்த இடத்தில உடுப்புத் தேவையோ எண்டு பாக்கோணும்.

அந்தத் திருவிழாவுக்கெண்டு வாற முதல் துணி கடைக்கு வாறேல்லை. கொடிச்சீலை. அது கல்வியங்காட்டில இருந்து வரும், செங்குந்த பரம்பரையார் ஊர்வலமாக் கொண்டுவந்து குடுப்பினம். நெசவு செய்த சனத்தின்ர கையால கொடிக்குத் துணி. அந்தத் துணி ஏறினாத்தான் திருவிழா. இதைவிடப் பெரிய சீசன் துணி எங்கட பக்கம் இல்லை.

உன்ர பெரியம்மாவின்ர மயில் கதை தெரியுமே? முருகன் கோயில், அதால மயில் படம் போட்ட துணியில பேத்திக்குப் பாவாடை தைக்கோணுமெண்டு நிண்டவ. கடைக்காரன் மூண்டு யார் காணுமெண்டான். துணியில மயில் எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்குது, ஒண்டும் தலைகீழா இல்லை. அப்பிடியான துணியைத் திருப்பி வெட்டேலாது, அரை யார் கூட வேணும். அதைக் கடைக்காரன் சொல்லேல்லை, பெரியம்மாவும் கேக்கேல்லை. துணி காணாதெண்டு கண்ட தையல்காரி பின்பக்கத்துக்குத் திருப்பி வெட்டிப்போட்டாள். தேரண்டு பிள்ளை முன்னால வர மயில் ஆடுது. திரும்பி நடக்க, சந்தைக்குக் காலில கட்டிக் கொண்டுபோற கோழி மாதிரி எல்லா மயிலும் தலைகீழாத் தொங்குது. பின்னால வந்த சனம் தேரைப் பாத்துக் கும்பிடுறதோ மயிலைப் பாத்துச் சிரிக்கிறதோ எண்டு தெரியாம நிண்டுது.

உன்ர பெட்டிக்குள்ளயும் அப்பிடி ஒண்டு இருக்கு. பொங்கல் பானை படம். எங்க அச்சடிச்சாங்களோ தெரியாது, பானை அளவுக்குப் பானை. அதில என்ன தைக்கப்போறாய்? கைபேசி வைக்கிற பையோ! ஒரு அடுப்புக்கல்லும் பானையின்ர அரை வயிறும்தான் வரும். பாக்கிறவை என்ன, ஆற்றையோ வண்டியெண்டு கேப்பினம். இஞ்ச வா, ஒரு வேலை சொல்லித்தாறன். அந்தப் பழைய கலண்டர் மட்டையை எடு. நீ தைக்கப்போற துண்டின்ர அளவுக்கு நடுவில ஒரு சதுரம் வெட்டி யன்னல் மாதிரி ஓட்டை எடு. மட்டையைத் துணிக்கு மேல வைச்சு மெல்ல நகத்து. ஓட்டைக்குள்ள என்ன தெரியுதோ அதுதான் உன்ர பையில வரும். கடையில விரிச்சுக் காட்டேக்க எல்லாத் துணியும் வடிவுதான். யன்னலுக்குள்ளால பாத்தாத்தான் தெரியும் ஆர் வடிவு எண்டு. பொம்பிளை பாக்கப் போறவைக்கும் நான் இதைத்தான் சொல்லுறனான், ஆனா ஒருத்தரும் கேக்கிறேல்லை.

அளவு அறியாத துணி எண்டா, 1970க்குப் பிறகு சிறிமாவோ அம்மா ஆண்ட காலத்தைச் சொல்லோணும். வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவடைப்பு. எங்கட கமக்காரர் மிளகாயிலயும் வெங்காயத்திலயும் நல்ல காசு பாத்தினம். மடியில காசு, கடையில துணியில்லை. சங்கக்கடைக்கு ஒரு கட்டுச் சீத்தை வந்தா வரிசையில நிண்டு எல்லாரும் அதிலதான் கிழிச்சுக்கொண்டு வாறது. ஒருமுறை நீலப்பூச் சீத்தை வந்தது. கொம்மம்மா விட்டாவே? கொம்மாவுக்குச் சட்டை, யன்னலுக்குச் சீலை, தலையணை உறை, றேடியோப் பெட்டிக்கு மூடி, எல்லாம் நீலப்பூ. அந்த நேரம் எடுத்த படம் ஒண்டு அல்பத்தில இருக்கு. கொம்மாவை யன்னலுக்கு முன்னால நிப்பாட்டி எடுத்தது. படத்தில ஒரு தலையும் இரண்டு காலும்தான் நிக்குது, நடுவில யன்னல்சீலை. உங்கட ஊரில இதுக்குத்தான் "கோர்டினேற்றட் கலெக்சன்" எண்டு காசு வாங்கிறாங்களாம்.

1977இல கதவைத் திறந்துவிட, சீத்தையை ஆரும் ஏறெடுத்தும் பாக்கேல்லை. எல்லாருக்கும் வழுவழு எண்டு மினுங்கிற துணி வேணும். சித்திரை வெயிலில பொலிஸ்ரர் சேட்டும் நைலக்ஸ் சேலையும். ஒரு கலியாண வீட்டில பந்தியில இருந்தவை சாப்பிட்டு வேர்த்தினமோ வேர்த்துச் சாப்பிட்டினமோ எண்டு பிரிச்சறிய ஏலாமக் கிடந்தது.

துணி என்ன சாதியெண்டு கேட்டா கடைக்காரன் எல்லாத்தையும் "நல்ல கொட்டன் அண்ணை" எண்டுதான் சொல்லுவான். அவன்ர வாயைப் பாக்காதை. ஓரத்தில ஒரு நூலை இழு, நெருப்புக்குச்சியில காட்டு. பருத்தி எண்டா கடுதாசி எரிஞ்ச மணம் வரும், சாம்பல் ஊதப் பறக்கும். பட்டு எண்டா தலைமயிர் பொசுங்கின மணம். பொலிஸ்ரர் உருகிச் சுருண்டு மணி மாதிரி உறையும், விரலில பட்டா பேந்து ஒரு கிழமைக்குப் பொய் சொல்லாய். ஒண்டு மட்டும், இதைக் கடைக்குள்ள செய்யாதை. நான் ஒருக்கா ஒரு கடையில செய்யப்போய், அங்க நிண்ட பெடியள் தண்ணிப் போத்தலோட ஓடி வந்து, துணியை நனைக்காம என்னை நனைச்சுப்போட்டாங்கள்.

நனைக்கிறதெண்டா, அதுதான் முதல் வேலை. எங்கட சேட்டெல்லாம் தைச்சவர் சோனகதெரு ஆள். பாய்க்கடை எண்டுதான் ஊரில சொல்லுறது. தீபாவளிக்கும் அவர்தான், நத்தாருக்கும் அவர்தான், கலியாணத்துக்கும் அவர்தான். துணியைக் குடுத்தோடன வெட்ட மாட்டார். வாளியில ஒரு இரவு ஊறப்போட்டு, நிழலில காயவிட்டு, பிறகுதான் சோக்குக் கட்டியைத் தொடுவார். "மாஸ்ரர், இப்ப துணி சுருங்கினா எனக்கு நட்டம், தைச்ச பிறகு சுருங்கினா உங்களுக்கு நட்டம்" எண்டு சொல்லுவார். 1990 ஐப்பசி 30ஆம் திகதி அந்தத் தெருச் சனம் முழுக்க இரண்டு மணித்தியாலத்தில வெளிக்கிட வேண்டி வந்தது. அவர் புத்தளத்தில போய்க் குந்தினார் எண்டு பிறகு கேள்விப்பட்டன். என்ர சேட் துணி அவற்றை கடை வாளிக்குள்ள ஊறினபடி கிடந்திருக்கும். அதுக்குப் பிறகு எனக்கு ஆரும் தோள் சரியா வெட்டினதில்லை.

சரி. உன்ர சிவப்புத் துணியை எடு, நத்தாருக்கு எண்டு வைச்சிருக்கிறியே, அதை. ஒரு வெள்ளைத் துணித்துண்டை நனைச்சு அதில நல்லாத் தேய். பாத்தியே? வெள்ளை வெக்கப்பட்ட மாதிரி வந்திட்டுது. இதைக் கொண்டுபோய் அந்தப் பனித்துகள் துணியோட சேத்துத் தைச்சுத் தோய்ச்சாயோ, உன்ர பனிக்காலம் முழுக்க றோஸ் நிறத்தில பெய்யும். எங்கட தீபாவளி ஐப்பசியில வரும், நத்தார் மார்கழியில வரும், இரண்டும் மாரிக்குள்ள. குருநகர், பாசையூர்ப் பக்கம் நடுச்சாமப் பூசைக்குக் குடையோட போற பிள்ளையளின்ர வெள்ளைச் சட்டையில சிவப்பு றிபன்ர சாயம் இறங்கி நிக்கிறதை நானே கண்டிருக்கிறன். அதோட எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால ஊறி வாறது. சவர்க்காரத்துக்கு நுரைக்கப் பஞ்சி. தோய்ச்ச துணி அப்பளம் மாதிரி விறைச்சு நிக்கும். அதால மெல்லிய துணியை எடுத்தாத்தான் நாலு தோய்ச்சலுக்குப் பிறகும் மடியும்.

சாயம் போறதிலயும் காசு பாத்த ஆக்கள் இருக்கினம். மெட்ராஸ் கட்டத்துணி எண்டு கேள்விப்பட்டிருப்பாய். அது தோய்க்கத் தோய்க்கச் சாயம் போகுதெண்டு அமெரிக்காவில சனம் கத்தினதாம். வித்தவன் மன்னிப்புக் கேட்டவனே? "சாயம் போகும், உத்தரவாதம்" எண்டு விளம்பரம் போட்டான். 1960களில பெடியள் அதைத் தேடித் தேடி வாங்கினாங்களாம். எங்கட ஆக்களுக்கு அந்த மூளை இருந்திருந்தா இந்தக் கிணத்துத் தண்ணியைப் போத்தலில அடைச்சு வித்திருக்கலாம். ஒல்லாந்தன்ர காலத்தில மன்னாரிலயும் தீவுப்பக்கமும் சாயவேர் கிண்டி எடுத்து, அதில துணிக்குச் சிவப்பு ஏத்தினவை. அந்தச் சிவப்பு இலேசில இறங்காது. இப்ப வேர் கிண்டுறவையும் இல்லை. பருத்தித்துறை எண்டு ஒரு ஊருக்குப் பேர், அங்க போய்ப் பருத்தி கேட்டுப் பார், தட்டைவடையைத் தருவினம். நல்ல வடைதான், நான் குறை சொல்லேல்லை.

திரும்பவும் எங்க போறாய்? இப்பதானே தேத்தண்ணி குடிச்சனாங்கள். கத்திரிக்கோல் எடுக்கவோ? அம்மம்மாவிட்டக் கேட்டு எடு. அதால கடுதாசி வெட்டினாத் தன்ர உயிர் போனமாதிரிக் கத்துவா. அவ உடுவில் பக்கத்துப் பிள்ளை, ஊசி விசயத்தில அந்த எடுப்பு இருக்கும். 1824இல அமெரிக்க மிஷனறியின்ர மனுசி, ஹரியற் வின்ஸ்லோ, அங்க பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் துவங்கினவ. எழுத்தோட ஊசியும் படிப்பிச்சினம். அந்த வழியில வந்ததுதான் எங்கட வீட்டுத் தலையணை உறை முழுக்க "குட் நைற்" எண்டும் "ஸ்வீற் ட்றீம்ஸ்" எண்டும் கிடக்கிற நூல்வேலை. எனக்கு வந்த உறையில "குட்" மட்டும்தான் இருக்கு, மற்றது தைக்க முதல் என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு விட்டவ. நாப்பது வருசமா அரை வாழ்த்தில படுக்கிறன்.

நல்ல துணியை வெட்டுறதைப் பற்றி முந்தி உனக்குப் பகிடி விட்டன் எல்லே. அதை இந்த வீட்டில ஒருக்காச் சொல்லி வாங்கிக் கட்டினனான். கொம்மம்மாவின்ர தங்கச்சி கிளிநொச்சியில இருந்தவ. அண்டைக்கு இஞ்ச வந்து இருக்க, நான் ஆரையோ பாத்து, பட்டை வெட்டுற கையும் கையே எண்டு பகிடி விட்டன். அவ சிரிக்கேல்லை. 2009இல முள்ளிவாய்க்கால் பக்கம் பங்கர் வெட்டின சனத்துக்கு மண் நிரப்பச் சாக்கு இல்லை. சேலையளை வெட்டி மூட்டை தைச்சினம். இவ தன்ர கூறைச்சேலையை நாலா வெட்டிக் கையால தைச்சிருக்கிறா. சரிகை இருந்த பக்கம் ஊசி ஏறேல்லை எண்டு மட்டும் சொன்னா. நான் பேந்து அந்தப் பகிடியை விடுறேல்லை. உன்னைக் கண்ட புளுகத்தில இண்டைக்கு மறந்துபோனன்.

நீ கைபேசியில காட்டின அந்த மனுசிமாரின்ர போர்வை எனக்குப் பிடிச்சுது. அலபாமாவில ஆறு வளைஞ்சு ஓடுற இடத்தில ஜீஸ் பென்ட் எண்டு ஊர். தோட்ட வேலைக்குப் போட்டுத் தேஞ்ச காற்சட்டையும் சட்டையும் கிழிச்சுத் தைச்சவை. பொக்கற் இருந்த இடம் மட்டும் கடும் நீலமாக் கிடக்கு, முழங்கால் இருந்த இடம் வெளிறிக் கிடக்கு. அதை 2002இல ஹூஸ்ரன் நுண்கலைக் கூடத்தில சுவரில தூக்கினாங்களாம். அந்த மனுசிமார் எந்தக் கடையில போய் "குளிர்காலத்துக்கு ஏத்த தீம் இருக்கோ" எண்டு கேட்டவை? குளிர் வந்தது, வீட்டில கிடந்ததைத் தைச்சினம். அமெரிக்காவில முந்தி மாக் கொம்பனியள் மாச்சாக்கிலயே பூ அச்சடிச்சு வித்தவை தெரியுமே, மா முடிஞ்சோடன சாக்கில சட்டை தைக்கட்டுமெண்டு. எங்களுக்கு வந்த மாச்சாக்கில பூ இல்லை, கொம்பனிப் பேர்தான். அதில தைச்ச காற்சட்டையோட பள்ளிக்கூடம் போய், குனிஞ்ச நேரம் எல்லாரும் வாசிச்ச வரலாறு எனக்கும் இருக்கு. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினதே அப்பிடித்தானெண்டு என்ர சிநேகிதன் ஒருத்தன் சொல்லித் திரிஞ்சவன்.

அதால நான் சொல்லிறது, யாழ்ப்பாணப் போர்வை தைக்கோணுமெண்டா கடைக்குப் போகாதை, அலுமாரிக்குப் போ. நடுவில வைக்கிறதுக்கு உங்கட மொத்தப் பஞ்சுத்தகடு வேண்டாம். இஞ்ச அதைப் போர்த்தா ஆள் அவிஞ்சுபோகும். தையில நாலு நாள் விடியப்புறம் கொஞ்சம் பனி, அவ்வளவுதான் எங்கட குளிர். கொம்மம்மாவின்ர பழைய வொயில் சேலையை இரண்டாய் மடிச்சு நடுவில வை. வங்காளத்தில காந்தா தைக்கிறவை பழஞ்சேலையை அடுக்கித்தான் ஓட்டுத்தையல் போடுறவை, பஞ்சு வைக்கிறேல்லை. மேல் பக்கத்துக்குக் கொம்மாவின்ர பள்ளிக்கூட வெள்ளையில ஒரு துண்டு, வேட்டிக்கரையில ஒரு துண்டு, அலுமாரியில தூங்கிற மாமன்ர சேட் துணியில எவ்வளவு வேணுமோ அவ்வளவு. அந்த நீலப்பூச் சீத்தை தலையணை உறை ஒண்டு இன்னும் பெட்டகத்துக்குள்ள கிடக்கு, கேட்டா அம்மம்மா தருவா. எல்லாம் தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருங்கிறது சுருங்கி, போற சாயம் போய் முடிஞ்ச துணி. இனி உன்னை ஏமாத்தாது.

ஒரே ஒரு வில்லங்கம். பழசும் புதுசும் அருகருகாத் தைச்சா, புதுசு இறுக்கி இழுக்க, பழசு தையலடியில கிழியும். கலியாணத்திலயும் அப்பிடித்தான் எண்டு நான் சொல்லப்போறேல்லை. பழசுக்குப் பழசைப் பக்கத்தில போடு.

நேரா வெட்ட வராதெண்டு பயப்பிட்டியெண்டா கட்டத்துணியை எடு. சாறம்தான் அதுக்குத் திறம். கட்டமே அடிமட்டம். கோட்டைப் பிடிச்சுக்கொண்டு போனா ஆறங்குலச் சதுரம் அச்சொட்டா வரும், சோக்கும் வேண்டாம் றூலரும் வேண்டாம். தையலில இரண்டு பக்கக் கோடும் பொருந்துதோ எண்டு பாத்தா தைச்ச ஆளின்ர கை தெரியும். நல்லா உடுத்து மெத்தெண்டு வந்த சாறம் எண்டா இன்னும் திறம். சாறத்தை என்னெண்டு நினைச்சாய்? உடுக்கிறதும் அதுதான், போர்க்கிறதும் அதுதான், கிணத்தடியில மறைப்பும் அதுதான், வெயிலுக்குத் தலைப்பாகையும் அதுதான்.

இந்தா, வந்திட்டாய். கையில என்ன? காட்டு. ஆறங்குலச் சதுரம். ம்... அச்சொட்டா வெட்டியிருக்கிறாய் பிள்ளை, கோடு ஒரு நூல் விலகேல்லை. என்ர சொல்லைக் கேட்டு வெட்டினபடியால்தான். துணியும் நல்ல துணி, கையில பட்டாப் பூ மாதிரிக் கிடக்கு. பஞ்சி பாக்காமக் கன காலம் உடுத்த ஆற்றையோ சாறம். சிவப்பும், நீலமும்...

பொறு. கொடியைப் பாக்க என்ர கண்ணுக்கு ஏதோ குறையுது.

இஞ்சேரும்! அந்த மெசினை ஒருக்கா நிப்பாட்டும்!